கைம்மொழி

எம் ஊராகிய காரைக்குடி மொழிக்கே கோயிலெடுத்த ஊராகும். கம்பன் அடிப்பொடி சா. கணேசனார் 1939ஆம் ஆண்டிற் கம்பன் கழகத்தைத் தோற்றுவித்ததும், பின்னாளிற் கம்பன் மணிமண்டப வளாகத்தில் தமிழ்த்தாய்க்குத் திருக்கோயிலொன்று எழுந்து 1993ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றதும் அவ்வூர்க்குரிய பெருமைகள். யாம் எட்டாண்டுப் பிள்ளையாயிருந்தபோது எந்தையார் எம்மையும் எம் தமக்கையாரையும் அங்கு அழைத்துச் சென்றார். யாம் கிறித்தவக் குடியினரேயாயினும், பள்ளியிற் பாடஞ் சொல்லும் எந்தையார்க்கு அவ்விடத்தைத் தம் மக்கட்குக் காட்டாது விட மனம் வரவில்லை. ‘மொழியே தாய், அத்தாய்க்கு எடுத்த கோயில் இது’ என்று அவர் எமக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வமயம் தமக்கையார் எம் தோளைத் தொட்டுத் திருப்பிப் புருவத்தை உயர்த்திக் கையை விரித்து, ‘உள்ளே யார்? அப்பா என்ன சொல்கிறார்?’ என்று வினவினார். யாம் அக்கையைப் பற்றிக் கீழே அமுக்கி, ‘கையை ஆட்டாதே அக்கா, வாயாற் கேள்’ என்றோம். மொழிக்கெடுத்த கோயிலின் வாயிலில் நின்றுகொண்டே ஒரு மொழியின் வாயை அடைத்தோமென்பதை உணர எமக்குப் பதினோராண்டு சென்றது.

எம் தமக்கையார் எம்மினும் நான்காண்டு மூத்தவர். பிறவியிலேயே செவிப்புலன் இல்லாதவர். ஒன்றரை வயதில் ஒருநாள் அடுக்களையிற் பித்தளை அண்டாவொன்று உருண்டு விழ, அண்டை வீட்டாரெல்லாம் ஓடிவந்தனராம். அவ்வண்டாவின் அருகமர்ந்து விளையாடிய குழந்தை மட்டும் திரும்பவேயில்லையாம். அன்னையார் அழுதார். எம் அப்பத்தா அழவில்லை. குழந்தையின் முன் அமர்ந்து, சோற்றைக் காட்டி, ஐந்து விரலையுங் கூட்டி வாயருகே கொண்டுசென்று காட்டினார். மறுநாளும் காட்டினார், அதற்கு மறுநாளும் காட்டினார். சில நாட் கழித்துக் குழந்தை தானே விரலைக் கூட்டிச் சோறு கேட்டது. எம் வீட்டுக் கைம்மொழியின் முதற்சொல் அதுவே.

அப்பத்தா எழுத்தறியாதவர். பனையோலையைக் கீறிச் சாயத்தில் நனைத்துக் கொட்டான் முடைதல் அவர்தம் தொழில். செட்டிநாட்டுக் கல்யாண வீடுகளிற் கொட்டானுக்குள்ள மதிப்பை எம் பக்கத்தார் நன்கறிவர். அத்தொழிலாற் பழகிய விரல்களாதலின் போலும், அவர் காட்டிய குறிகள் சுருக்கமும் திருத்தமும் உடையனவாயிருந்தன. தம்மைக் குறிக்கக் காதுமடலை இழுத்துக் காட்டுவார். அவர் பாம்படம் அணிந்த தலைமுறையினர். எந்தையாரைக் குறிக்கக் காற்றிற் சாக்கட்டியால் எழுதுவார். அன்னையாரைக் குறிக்க முந்தானையைச் செருகுவார். எமக்கு வாய்த்த பெயரோ கட்டைவிரலைச் சூப்புதல். தமிழ் ஆனர்சு வகுப்பில் தொல்காப்பியம் பயிலும் இற்றை நாளிலும் எமக்கு எம் வீட்டில் அதுவே பெயர். மாற்றிக்கொள்ள விண்ணப்பித்தும் பயனில்லை.

ஈண்டொரு சொல். நம் பழைய ஏடுகளும் பத்திரிகைகளும் இவர்களைச் செவிடரென்றும் ஊமையரென்றும் கூசாது எழுதின. அவற்றுட் பின்னைய சொல் வசையென்பது ஒருபுறமிருக்க, பொய்யுமாகும். எம் வீட்டில் எம் தமக்கையாரைப் போலப் பேசுவார் பிறரில்லை. உறங்கும்போதும் அவர் விரல்கள் அசையக் கண்டிருக்கிறோம்.

ஐந்தாம் வயதில் அவரை வெளியூரிலுள்ள ஒரு பள்ளியிற் சேர்த்தனர். அங்குக் கையாற் பேசுதல் விலக்கு. பிள்ளைகள் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அமர்ந்திருத்தல் வேண்டும். ஆசிரியையின் தொண்டையில் விரல் வைத்து அதிர்வை உணர்ந்தும், கண்ணாடியில் வாயைப் பார்த்தும், வாயெதிரே பிடித்த தாளை மூச்சால் அசைத்தும் பகரத்தை ஒலிக்கப் பயின்றனர். அவ்வாசிரியையர் கொடியவரல்லர், பொறுமையாற் சிறந்தவர். எனினும் அம்முறையிலுள்ள இடர்ப்பாட்டை யாம் பின்னாளில் நன்னூலின் எழுத்ததிகாரம் பயின்றபோதே தெளிந்தோம். பகரமும் மகரமும் பிறப்பது இதழ் இரண்டும் பொருந்துவதனால். ஒன்று வல்லினம், மற்றொன்று மெல்லினம் என்ற வேறுபாடு செவிக்கே உரியது, கண்ணுக்கு அஃதில்லை. ஆகவே, உதட்டை மட்டும் பார்ப்பார்க்கு ‘அப்பா’ என்பதும் ‘அம்மா’ என்பதும் ஒன்றே. ‘பாடு’ என்றாலும் ‘மாடு’ என்றாலும் உதடு ஒன்றே செய்யும். இன எழுத்தென்று நாம் இணைத்துக் கற்கும் தகர நகரமும், டகர ணகரமும் அத்தகையனவே. ககர ஙகரமோ அடிநாவிற் பிறந்து வெளியே முகங் காட்டுவதேயில்லை. தமக்கையார் பல்லாண்டு அப்பள்ளியிற் பயின்று தெளிவாகச் சொல்லக் கற்ற சொற்கள் ஏறக்குறைய நாற்பது. அந்நாற்பதையும் அன்னையாரும் யாமுமே விளங்கிக்கொள்வோம்; கடைக்காரர் விளங்கிக்கொள்ளார்.

விடுமுறையில் வீட்டிலும் கைம்மொழி கூடாதென்று பள்ளியார் எழுதியனுப்பினர். அன்னையார் அதனைத் திருமறைக் கட்டளை போற் போற்றினார். மீறினாற் கண்டு சொல்லும் அலுவல் எமக்குத் தரப்பட்டது. ஒருமுறை காட்டிக்கொடுத்தால் ஒரு கடலைமிட்டாய். முப்பது வெள்ளிக்காசினும் மலிவான விலையென்று இப்போது எண்ணி நாணுகிறோம். அப்பத்தா மட்டும் அக்கட்டளைக்கு அடங்கவில்லை. கொல்லைப்புறத்து வேம்பினடியில் ஓலையும் கையுமாக அமர்ந்து, பேத்தியோடு மணிக்கணக்கிற் பேசுவார். யாம் சுவரோரம் நின்று பார்த்திருந்து அன்னையாரிடம் ஓடுவோம். அவர்கள் என்ன பேசினர் என்று அன்னையார் ஒருநாளும் கேட்டதில்லை. பேசினரா என்பதே கேள்வி.

அப்பள்ளி வகுத்த விதியன்று அது. அதன் வேரைத் தேடிப் போனால் இத்தாலி நாட்டு மிலான் நகரிற் சென்று நிற்கும். அதற்கு முன் ஒரு நூற்றாண்டுக் காலம் கைம்மொழிக்கு நற்காலமாயிருந்தது. 1760ஆம் ஆண்டையொட்டிப் பாரிசில் அப்பே டி லெப்பே என்னுங் குருவானவர் செவிப்புலனற்ற ஏழைப் பிள்ளைகளின் கைக்குறிகளைத் தாம் கற்று அவற்றாலேயே பாடஞ் சொன்னார். அவர் வழிவந்த பள்ளியிற் பயின்ற லோரான் கிளெர் என்பவர் கடல் கடந்து சென்று, 1817இல் அமெரிக்காவின் ஆர்ட்போர்டு நகரிற் பள்ளி தொடங்கத் துணைநின்றார். அப்பால் 1880 செப்டம்பரில் மிலானிற் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்ப்பேச்சு முறையே சிறந்தது, கைக்குறி விலக்கத்தக்கது என்று முடிவு செய்தது. வந்திருந்தோர் 164 பேர். அவருட் செவிப்புலனற்றோர் ஒருவரிருவர்க்கு மேல் இல்லை. அமெரிக்காவிலிருந்து சென்றோர் எதிர்த்தும் பயனில்லாதாயிற்று. ஐரோப்பியப் பள்ளிகளிற் செவிப்புலனற்ற ஆசிரியர்கள் வேலையிழந்தனர். அவர்தம் மாணாக்கரின் கைகள் கட்டப்பட்டன. கைம்மொழியை எதிர்த்தோருள் முதல்வர் தொலைபேசி கண்ட அலெக்சாந்தர் கிரகாம் பெல். அவர்தம் தாயாரும் மனைவியாரும் செவிப்புலன் குறைந்தவர்களே. செவிப்புலனற்றோர் தம்முள் மணஞ் செய்துகொள்வதே தீங்கென்று 1883இல் அவர் ஆய்வுரை எழுதினார். அவர் கண்ட கருவியின் பேரப்பிள்ளை இன்று எம் சட்டைப்பையில் இருந்துகொண்டு தமக்கையாரின் கைப்பேச்சைப் படமாக எமக்குக் கொணர்கின்றது. வரலாற்றுக்கு நகைச்சுவை உண்டு.

நம் நாட்டில் இத்தகைய பள்ளிகள் எழுந்தது மிலானுக்குப் பின்னரே: பம்பாயில் 1885, கல்கத்தாவில் 1893, பாளையங்கோட்டையில் 1897. ஆகவே நம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் வாய்ப்பேச்சு முறையே ஆட்சி செலுத்திற்று. 1880இல் ஓர் அயல்நாட்டு மண்டபத்திற் கையுயர்த்திக் கொடுத்த வாக்கு, நூற்றுமுப்பதாண்டு சென்றபின் காரைக்குடியில் ஒரு கொல்லைப்புறத்தில் இரு கைகளைத் தாழ்த்திற்று. அதே மாநாட்டின் வழிவந்த மாநாடு 2010இல் வான்கூவரிற் கூடியபோது, மிலான் முடிவுகளைத் தள்ளி, அவற்றால் விளைந்த தீங்குக்கு வருத்தந் தெரிவித்தது. அச்செய்தி எம் தெருவை எட்டவில்லை.

அப்பத்தாவின் முடிவை இனிச் சொல்லவேண்டும். எமக்குப் பத்து வயதானபோது அவர்க்கு வாதங் கண்டது. வலப்பக்கம் விழுந்தது, வாய் கோணிற்று, நா எழவில்லை. ஆனால் அறிவு தெளிவாயிருந்ததென்பதைக் கண்கள் காட்டின. மூன்றாம் நாள் இடக்கையை எடுத்து எதையோ பின்னுவது போல மீண்டும் மீண்டும் காட்டினார். பாய் கேட்கிறாரென்று புதுப்பாய் கொணர்ந்தோம், தள்ளிவிட்டார். சடை பின்னச் சொல்கிறாரென்று அன்னையார் சீப்பெடுத்தார், கண்ணை மூடிக்கொண்டார். நோயின் நடுக்கமென்று வந்திருந்த உறவினர் முடிவு கட்டினர். அவ்வமயம் தமக்கையார் பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தார். கட்டிலருகே அமர்ந்து அக்கையை ஒரு நொடி பார்த்தார். பின்பு எழுந்து பரணிலேறி, முடையாது கிடந்த ஓலைக்கட்டையும், முடிந்த கொட்டான் சிலவற்றையும் இறக்கினார். பின்னுவதைக் காட்டிக் கட்டைவிரலால் வட்டமிட்டாற் கொட்டான், வட்டமில்லையேற் பாய். இடக்கையாதலின் அவ்வட்டம் சிறுத்துப் போயிற்று. எங்கள் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தாராம்; பன்னிரண்டு கொட்டான் குறைகிறதாம்; கல்யாணம் வரும் வெள்ளிக்கிழமையாம். இத்தனையையும் ஒற்றைக்கையாற் சொல்ல, ஒருவரே கேட்டார்.

பன்னிரண்டையும் தமக்கையாரே முடைந்து முடித்தார். அப்பத்தா அதன்பின் எட்டு நாள் இருந்தார். அந்த எட்டு நாளும் வீட்டாரும் உற்றாரும் அவரோடு பேசவேண்டின் தமக்கையாரைத் தேடினர். காலில் குளிர் என்பதையும், கோழிக்குத் தீனி வைத்தாயிற்றா என்பதையும், போதகரை அழைக்கலாமென்பதையும் அப்பத்தாவின் விரலிலிருந்து எடுத்து, சிலவற்றைத் தம் நாற்பது சொற்களாலும், சிலவற்றைச் சிலேட்டிலெழுதியும் எங்களுக்குத் தந்தவர் அவரே. அன்னையார் கையைத் தடுக்கவில்லை. கடலைமிட்டாயும் அத்தோடு நின்றது. யாமோ, மறந்துபோன மொழியைக் கட்டிலின் காற்புறம் நின்று வேடிக்கை பார்த்தோம்.

அடுத்த ஆண்டு எந்தையார் தமக்கையாரை வேறொரு பள்ளியிற் சேர்த்தார். அங்குள்ள விடுதியிற் பிள்ளைகள் கைகளாற் பேசினர், எவரும் தடுக்கவில்லை. உலகெங்கும் கைம்மொழி பிழைத்திருந்தது விடுதித் தாழ்வாரங்களிலேதான் என்பர் அறிந்தோர். வகுப்பில் அடங்கிய கை விளக்கணைக்குமுன் விழித்துக்கொள்ளும். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் மற்றை மொழிகளைப் போலன்றி, பிள்ளையிடமிருந்து பிள்ளைக்கு இறங்கி வந்த மொழி இது.

விடுமுறைக்கு வந்த தமக்கையார் கையிற் புதுமொழி இருந்தது. மீசையை முறுக்கினால் ஆண்; மூக்குத்தியிருக்குமிடத்தைத் தொட்டாற் பெண். காலத்தைச் சொல்லுஞ் சொல் முதலில் வரும்; வினை இறுதியில் வரும்; ‘யார்’, ‘எங்கே’ போலும் வினாச்சொல் எல்லாவற்றுக்கும் இறுதியில் நிற்கும். புருவந்தானும் இலக்கணத்துக்குட்பட்டது: அது உயர்ந்தால் ஆம், இல்லை என்ற விடையை வேண்டும் வினா. அன்று கோயில் வாயிலில் உயர்ந்த புருவத்தை முகச்சுளிப்பென்று எண்ணிய எம் அறியாமையை என்னென்பது! எனினும் அப்போதும் யாம் முற்றுந் திருந்திவிடவில்லை. மதுரையிலிருந்து வரும் பேருந்தில் அவர் கைகளை வீசிப் பேசுகையிற் பிறர் திரும்பிப் பார்ப்பர். யாம் சன்னலுக்கு வெளியே பார்ப்போம். எமக்கு வயது பதினாறு. அவ்வயதில் மானம் மிகுதி.

மேற்படிப்புக்கு யாம் பாளையங்கோட்டைக்கு வந்ததை எம் நற்பேறென்றே கொள்கிறோம். இங்கிலாந்துத் திருச்சபைச் செனானா மிசியோனைச் சேர்ந்த பிளாரன்சு சுவெய்ன்சன் அம்மையார் 1897இல் தொடங்கிய பள்ளி அவர் பெயராலேயே இவ்வூரில் இன்றும் நடைபெறுகின்றது. தென்னாட்டில் இவ்வகைப் பள்ளிகளுள் மிகப் பழையது. வந்த முதல் வாரத்தில் ஒரு மாலை, சாலையின் இருமருங்கிலும் நின்ற நான்கு பிள்ளைகள் கைகளாற் பேசிக்கொண்டிருக்கக் கண்டோம். இடையே பேருந்துகள் இரைந்து சென்றன. நாமாயின் தொண்டை கிழியக் கத்தியிருப்போம். அவர்களோ ஒரு பேருந்து கடக்கும்வரை பொறுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தனர். எம்மையறியாமல் நின்று பார்த்தோம். கதையிற் பாதி விளங்கிற்று. ஒருவன் யாருடைய தின்பண்டத்தையோ தின்றுவிட்டான் போலும்.

இரண்டாமாண்டிற் சிலப்பதிகாரம் அரங்கேற்றுகாதை பாடமாயிற்று. அடியார்க்குநல்லார் உரையில் ஒற்றைக்கையாற் காட்டும் பிண்டி முப்பத்துமூன்று, இரு கையாற் காட்டும் பிணையல் பதினைந்து என்று கைகளின் பெயரும் இலக்கணமும் வருகின்றன. எழிற்கை, தொழிற்கை, பொருட்கை என்ற பாகுபாடும் உண்டு: அழகுக்கு ஒரு கை, தொழிலைக் காட்ட ஒரு கை, பொருளைக் காட்ட ஒரு கை. பேராசிரியர் அதனைச் சொல்லிக்கொண்டிருக்க, யாம் மேசையின்கீழ் அப்பத்தாவின் கொட்டானை முடைந்து பார்த்தோம். பின்னுதல் தொழிற்கை, கட்டைவிரல் வட்டம் பொருட்கை. உ. வே. சாமிநாதையர் 1892இல் அவ்வுரையோடு சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்திராவிடின் அக்கைகளின் பெயரையும் செல் அரித்திருக்கும்.

ஆயினும் ஆடலின் கை வேறு, மொழியின் கை வேறு. பாட்டுக்குப் பின் நடந்து பாட்டின் பொருளைக் காட்டுவது முன்னது. பின்னது தானே நடக்கும். எழுத்தாவது ஒலி என்று நம் இலக்கண நூலார் கொண்டனர். ஒலியில்லாத இடத்தில் எழுத்தேது, எழுத்தில்லாத இடத்தில் மொழியேது என்று யாம் சிலநாள் மயங்கினோம். அம்மயக்கத்தைத் தீர்த்தவர் வில்லியம் இசுட்டோகி. வாசிங்டனில் செவிப்புலனற்றோர்க்கென அமைந்த காலடெட் கல்லூரியில் ஆங்கில இலக்கியங் கற்பித்தவர் அவர். எம்மைப்போல இலக்கிய வழியில் வந்தவர். தம் மாணாக்கரின் கைகளை உற்று நோக்கி, கையின் வடிவம், கை நிற்கும் இடம், கையின் அசைவு என்னும் மூன்றால் ஒவ்வொரு குறியும் ஆகின்றதென்று 1960இல் எழுதினார். மூன்றில் ஒன்று மாறினாற் சொல் மாறும். ‘பல்’ என்பதில் ஓரெழுத்து மாறிக் ‘கல்’ ஆவது போல. அன்று உடனாசிரியர் பலர் நகைத்தனர். 1965இல் செவிப்புலனற்ற இருவரைத் துணைக்கொண்டு அகராதியும் வெளியிட்டார். நகைத்தவர் அடங்கினர். அப்பத்தாவின் பாயும் கொட்டானும் வேறானதும் இவ்விதியாலேயே. அவர் இசுட்டோகியைப் படித்ததில்லை.

சமயத்தைப் பற்றியும் ஒன்று சொல்லாது விடலாகாது. எம் சபையில் ஆண்டுதோறும் வரும் பெரியவரொருவர் தமக்கையார் தலையிற் கைவைத்து, மாற்கு ஏழாம் அதிகாரத்தை வாசித்து, செவி திறக்க வேண்டுமென்று மன்றாடுவார். அன்புடையவர், குறைசொல்ல யாதுமில்லை. சென்ற ஆண்டு அவர் சென்றபின் தமக்கையார் திருமறையைத் திறந்து அப்பகுதியில் விரல் வைத்தார். ஆண்டவர் அம்மனிதனைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் சென்றார், காதில் விரலை வைத்தார், நாவைத் தொட்டார், வானத்தை அண்ணாந்து பார்த்தார், அதன்பின்னரே ‘எப்பத்தா’ என்னுஞ் சொல். ‘பார், முதலிற் கையாற் பேசினார்; அவன் மொழி அது’ என்று தமக்கையார் காட்டினார். இரண்டாண்டாக விளக்கவுரைகளையே படிக்கும் எமக்கு அது தோன்றவில்லை.

அவர் இப்போது காரைக்குடியில் ஓர் அச்சகத்திற் கணினியிற் பக்கம் அமைக்கும் பணியிலிருக்கிறார். ஒருநாள் இரவு கைபேசித் திரையில், ‘இன்று என்ன படித்தாய்?’ என்று கேட்டார். அன்று படித்தது திருக்குறளிற் கேள்வி அதிகாரம். செவியாற் பெறுஞ் செல்வமே செல்வங்களுள் தலையாயதென்று பேசுவது. யாம் விழித்தோம். ‘வேறொன்று சொல்கிறேன்’ என்றோம். அவர் விடவில்லை. இறுதியிற் கூசிக் கூசிச் சொன்னோம். அவர் சிரித்தார். ‘எனக்குத் தெரியுமே. திருக்குறட் பதிப்பொன்றுக்கு நான்தான் பக்கம் அமைத்தேன்’ என்றார். ‘வருத்தமாயில்லையா?’ என்றோம். அதற்கு அவர் தந்த விடை எம்மைப் பலநாள் உறங்கவிடவில்லை. கேள்வி என்னுஞ் சொல்லுக்கு வினா என்ற ஒரு பொருளையே அவர் அறிந்திருந்தாராம்; கேட்டல் என்று ஒரு பொருள் உண்டென்பதை யாரும் அவர்க்குச் சொல்லவில்லையாம். ஆகவே அவ்வதிகாரம் முழுவதையும் வினாவுதலின் பெருமையென்றே கொண்டு மகிழ்ந்திருக்கிறார். பரிமேலழகர் ஒப்பார். எம் விடைத்தாளில் அவ்வுரையை எழுதினால் மதிப்பெண் கிடையாது. எனினும் அன்றிரவு யாம் அதனை மறுக்கவில்லை.

இனி, காத்தல் பற்றி. அமெரிக்காவிற் கைம்மொழி அழியுமோ என்று அஞ்சிய காலத்தில், செவிப்புலனற்றோர் சங்கத்தார் தமக்குட் பொருள் திரட்டி, அந்நாளிற் புதிதாய் வந்த சலனப்படத்தில் வல்ல பேச்சாளரின் கைப்பேச்சைப் பதிந்து வைத்தனர். எட்டு வயதிற் காய்ச்சலாற் செவியிழந்த சார்சு வெடிட்சு என்பவர் 1913இற் கைம்மொழியைக் காக்கவேண்டிக் கையாலேயே ஆற்றிய உரை இன்றும் காணக் கிடைக்கின்றது. நம் நாட்டில், இமாசலத்திற் பிறந்து பதினோராம் வயதிற் செவிப்புலனிழந்த மதன் வசிட்டரும் அவர்தம் துணைவரும் 1970களின் பிற்பகுதி தொடங்கி தில்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் என்னும் நான்கு நகரங்களின் குறிகளைத் திரட்டி நூலாக்கினர். குறிகள் ஊருக்கு ஊர் சிறிது மாறினும் உள்ளிருக்கும் மொழி ஒன்றேயென்று அறிஞர் கண்டனர். 2015இல் தில்லியில் இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி பயிற்சி மையம் நிறுவப்பெற்றது. அதன் அகராதி 2018இல் 3,000 சொற்களோடு வெளிவந்து 2021இல் 10,000 ஆக வளர்ந்துள்ளது. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் செவிப்புலன் குறையுடையோர் 50 இலட்சத்துக்கு மேற்பட்ட நாட்டில் இது காலந் தாழ்ந்து வந்ததேயெனினும் பெரும்பணி.

ஆனால் எமக்கோர் அச்சம் உண்டு. அந்நான்கு நகரங்களுள் தமிழ்நாட்டு நகர் ஒன்றும் இல்லை. நாடு முழுதுக்கும் ஒரு குறி என்று வகுத்தபின், விடுதிக்கு விடுதி வழங்கிய குறிகளும், வேம்பினடியிற் பிறந்த குறிகளும் என்னாகும்? அப்பத்தாவிடம் கொட்டானுக்கு யாது குறியென்று எந்த அகராதிக்காரர் வந்து கேட்டார்? தமக்கையார் எம் அச்சத்தைப் பெரிதாகக் கொள்ளவில்லை. ‘தில்லிக்காரரோடு நான் பேசவேண்டாமா? அப்பத்தா குறியை வைத்துக்கொண்டு உன்னோடு மட்டுந்தான் பேசலாம். நீயோ பாதி மறந்தவன்’ என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஓரூர் வழக்கைக் காக்கவேண்டுமென்னும் ஆசை தமிழ் படிப்பாரைப் பற்றும் நோயென்றும் கூறினார். இருக்கட்டும்.

சென்ற கிறிசுமசு விடுமுறையில் யாம் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கிக்கொண்டு ஊர் சென்றோம். இரவுதோறும் திண்ணையில் அமர்ந்து அப்பத்தாவின் குறிகளை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து, கைவடிவம், இடம், அசைவு என்று மூன்று கட்டம் வரைந்து எழுதினோம். தமக்கையார் காட்டுவார், யாம் எழுதுவோம், யாம் காட்டிப் பிழைத்தால் அவர் எம் விரலைப் பிடித்துத் திருத்துவார். 86 குறிகள் சேர்ந்தன. வெற்றிலையிற் பூசலுண்டாயிற்று. உள்ளங்கையிற் சுண்ணாம்பு தடவுவதே அக்குறியென்பது எம் துணிபு. அது மருந்துக்குரியதென்றும், வெற்றிலைக்கு மடித்த விரலைக் கன்னத்தில் ஒதுக்கவேண்டுமென்றும் அவர் சாதித்தார். எழுதியதை அடித்துத் திருத்தினோம். 87ஆவது குறிக்கு யாம் கட்டம் வரைந்துகொண்டிருக்கையில், அன்னையார் அடுக்களையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து எங்கள் எதிரே அமர்ந்தார். ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் எங்களைப் பார்த்திருந்துவிட்டு, இரு கைகளையும் உயர்த்தி, தமக்கும் ஒன்று நினைவிருப்பதாகக் காட்டினார்.